இரப்பர் விலையை எழுதுவது யார்? புவிசார் அரசியலும் உலகப் பொருளாதாரமும் பற்றிய முதுகலைக் கல்வி

தோட்டத்தில் பாலை நிறுக்கும்போது எடை எவ்வளவு என்பதை நம் கண்ணாலேயே காண்கிறோம். அந்தப் பாலில் உலர்ந்த இரப்பர் எத்தனை விழுக்காடு தேறும் என்பதையும் சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். இவ்விரண்டும் நம் உழைப்பாலும், மரத்தின் நலத்தாலும், மழை வெயிலாலும் அமைபவை. ஆயினும், கணக்கு முடிவதற்கு மூன்றாவது எண் ஒன்று தேவைப்படுகிறது. அதுவே விலை. அந்த எண் தோட்டத்தில் பிறப்பதில்லை. சிங்கப்பூர், ஷாங்காய், ஜப்பான் ஆகிய இடங்களின் வாணிபச் சந்தைகளிலும், எண்ணெய் விளையும் நாடுகளிலும், டயர் ஆலைகளிலும், அரசுகள் கூடிப் பேசும் மன்றங்களிலும் அது உருவாகிறது.

இந்த மூன்றாவது எண் எவ்வாறு உருவாகிறது என்பதை முறையாக ஆராயும் கல்வி ஒன்று உண்டு. முதல் பட்டம் பெற்ற பின்னர்ப் பல்கலைக்கழகங்களில் முதுகலை நிலையில் பயிலப்படும் புவிசார் அரசியலும் உலகப் பொருளாதாரமும்தாம் அவை. “இது தூதர்களின் பிள்ளைகளுக்கும் பெருஞ்செல்வர்களின் பிள்ளைகளுக்கும் உரிய படிப்பு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்னும் எண்ணம் தோட்டப்புறக் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. அவ்வெண்ணம் சரியன்று. உலக அரசியலின் ஒவ்வோர் அசைவையும் தம் கூலியில் உணர்ந்து வாழ்ந்த மக்கள் நாம். அந்த அசைவுகளின் காரணத்தை ஆராயும் கல்விக்கு நம் பிள்ளைகளைவிட உரிமை மிக்கவர் எவரும் இலர். அக்கல்வியின் இயல்பையும், அதனை அடையும் வழியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு சொற்களின் பொருள்

ஒரு நாடு எங்கே அமைந்திருக்கிறது, அதன் அருகே எந்தக் கடல்வழி செல்கிறது, அதன் மண்ணில் என்ன விளைகிறது என்பவை அந்நாட்டின் அரசியலை எவ்வாறு உருவாக்குகின்றன என்று ஆராய்வது புவிசார் அரசியல். இச்சொல்லை 1899ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு அறிஞர் ருடோல்ப் செலேன் ஆளத் தொடங்கினார். கடலை ஆள்பவரே உலக வாணிபத்தை ஆள்வர் என்ற கருத்தை அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்பிரட் மகான் 1890இல் நூலாக எழுதினார். ஆசிய, ஐரோப்பிய நிலப்பரப்பின் நடுப்பகுதியே உலக வல்லமையின் அச்சு என்று ஆங்கிலேய நிலவியலறிஞர் ஹால்போர்ட் மெக்கிண்டர் 1904இல் வாதிட்டார்.

சொல் புதிதாயினும் சிந்தனை பழையது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் அண்டை நாடு, அதற்கு அப்பாலுள்ள நாடு, நட்பு, பகை ஆகியவற்றை வட்டங்களாகப் பகுத்துக் காட்டுகிறது. திருக்குறளின் பொருட்பாலில் நாடு, அரண், ஒற்றாடல், பொருள்செயல்வகை என்று தனித்தனி அதிகாரங்களே உள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதும் கடற்படையை அனுப்பியதற்கு மலாக்கா நீரிணையின் வாணிப வழியும் ஒரு காரணம் என்று வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர். அக்கடாரமே இன்றைய கெடா மாநிலம்.

உலகப் பொருளாதாரம் என்பது நாடுகளுக்கிடையே சரக்கு, நாணயம், மூலதனம், உழைப்பு ஆகிய நான்கும் எவ்வாறு இடம் பெயர்கின்றன என்பதை ஆராய்வது. தனக்கு எது எளிதில் விளையுமோ அதை விளைவித்துப் பிறவற்றை மாற்றிக்கொள்வதே எல்லா நாடுகளுக்கும் நன்மை என்று டேவிட் ரிக்கார்டோ 1817இல் எழுதினார். மூலப்பொருளை மட்டும் விற்று, ஆலைப்பொருளை வாங்கும் நாடுகள் நாளடைவில் நலிவடையும் என்று அர்ஜென்டினாவைச் சேர்ந்த ராவுல் பிரெபிஷ், ஐ.நா. பொருளியலறிஞர் ஹான்ஸ் சிங்கர் ஆகிய இருவரும் 1950ஆம் ஆண்டில் தனித்தனியே வாதிட்டனர். இவ்விரு கருத்துகளில் எது நமக்குப் பொருந்தும்? இரப்பரின் வரலாற்றைக் கொண்டே இக்கேள்வியைச் சோதிக்கலாம். அதற்குமுன் நம் பேராக் மாநிலத்தின் கடற்கரை ஒன்றைக் காண்போம்.

லூமுட் கற்பிக்கும் பாடம்

புவிசார் அரசியலை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. லூமுட் படகுத்துறையில் நின்று எதிரேயுள்ள பங்கோர் தீவை நோக்கினாலே போதும்.

அத்தீவில் 1670ஆம் ஆண்டில் டச்சுக்காரர் ஒரு கோட்டையைக் கட்டினர். அவர்கள் நாடியது பேராக்கின் ஈயம். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். லாருட் ஈயச் சுரங்கங்களில் மூண்ட பூசலையும், அரியணைப் போட்டியையும் காரணமாகக் காட்டி, 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்வழி பேராக்கில் ஆங்கிலேய ரெசிடென்டின் ஆட்சி நுழைந்தது. பங்கோர் தீவும் லூமுட் கரையும் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டது. ஆழமான துறைமுகமும், நீரிணையின்மேல் காவலும் கிடைக்கும் என்பது அவர்கள் கணிப்பு. வாணிபமோ பினாங்கையும் சிங்கப்பூரையும் விட்டு இங்கு வரவில்லை. எனவே, 1935இல் டிண்டிங்ஸ் மீண்டும் பேராக் சுல்தானிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாடு விடுதலை அடைந்த பின்னர் அதே கரையின் பொருள் மாறியது. சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸில் இருந்த நம் அரச கடற்படையின் தலைமைத் தளத்திற்குச் சொந்த மண்ணில் இடம் தேவைப்பட்டது. லூமுட் தெரிந்தெடுக்கப்பட்டது, 1984இல் கடற்படைத் தளம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் அருகிலுள்ள தெலுக் ரூபியாவில் பிரேசில் நாட்டின் வாலே நிறுவனம் இரும்புத்தாது முனையம் ஒன்றைத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு இலட்சம் டன் தாங்கும் பெருங்கப்பல்கள் பிரேசிலிலிருந்து தாதுவைக் கொண்டுவருகின்றன. இங்கே கலந்து தரம் பிரித்து, சிறிய கப்பல்களில் ஆசிய நாடுகளின் எஃகு ஆலைகளுக்கு அனுப்புகின்றனர். சீனத்தில் வீடு கட்டும் தொழில் தளர்ந்தால் எஃகின் தேவை குறையும். எஃகு குறைந்தால் தாது ஏற்றி வரும் கப்பல்களின் தேவையும் குறையும்.

ஈயத்திற்காகக் கோட்டை, ஆட்சிக்காக உடன்படிக்கை, பாதுகாப்புக்காகக் கடற்படை, வாணிபத்திற்காக முனையம் என ஒரே கரை மூன்றரை நூற்றாண்டுகளில் நான்கு பொருள் பெற்றது. கடலும் மலையும் இடம் மாறவில்லை. உலகின் தேவை மாறியது. இதுவே புவிசார் அரசியலின் முதற்பாடம்.

இரப்பர் விலையின் வரலாறு

பிரேசிலோடு நமக்குள்ள உறவு தாதுவால் தொடங்கியதன்று. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்பவர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் இரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அங்கே முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுட் சில பேராக்கின் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவின் முயற்சியால் கோலக்கங்சாரில் நடப்பட்டன. அந்நாளைய மரம் ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. மரம் அமேசானிலிருந்து வந்தது; மூலதனம் இலண்டனிலிருந்து வந்தது; உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது; வாங்குபவர் அமெரிக்காவில் இருந்தனர். இந்நான்கையும் இணைத்த சங்கிலியில் நேர்ந்த ஐந்து நிகழ்ச்சிகளைக் காண்போம்.

முதலாவது, 1922ஆம் ஆண்டின் ஸ்டீவன்சன் திட்டம். முதல் உலகப் போருக்குப் பின் விலை வீழ்ந்ததால், மலாயா, இலங்கை ஆகிய நாடுகளின் ஏற்றுமதிக்கு ஆங்கில அரசு வரம்பு விதித்தது. விலை ஏறியது, 1925இல் நியூயார்க்கில் ஒரு பவுண்டு இரப்பர் ஒரு டாலரைத் தாண்டியது. ஆனால், டச்சு இந்தியா எனப்பட்ட இன்றைய இந்தோனேசியா அத்திட்டத்தில் சேரவில்லை. அங்குள்ள சிறுதோட்டக்காரர்கள் ஏராளமாக நட்டனர். அமெரிக்க டயர் நிறுவனமான பயர்ஸ்டோன் 1926இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தது. கார் உற்பத்தியாளர் ஹென்றி போர்டு அமேசானிலேயே ஒரு தோட்ட நகரத்தை அமைக்க முயன்றார். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. விற்பவர் சிலர் மட்டும் கைகோத்து விலையை உயர்த்தினால், வாங்குபவர் வேறு வழி தேடுவர் என்பது இங்குக் கிடைக்கும் பாடம்.

இரண்டாவது, 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம். அமெரிக்கர்கள் கார் வாங்குவதை நிறுத்தினர். இரப்பர் விலை சில காசுகளுக்கு இறங்கியது. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நியூயார்க் பங்குச் சந்தையின் சரிவு, நாகப்பட்டினத்தில் வந்திறங்கிய குடும்பங்களின் வறுமையாக முடிந்தது. பின்னர் 1934இல் ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், சயாம் நாட்டினர் ஆகியோர் சேர்ந்து புதிய கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்தனர்.

மூன்றாவது, 1942. ஜப்பானியர் மலாயாவையும் டச்சு இந்தியாவையும் கைப்பற்றியதும், அமெரிக்கா தன் இயற்கை இரப்பர் வரத்தில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தது. உடனே பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் செயற்கை இரப்பர் செய்யும் ஆலைகளை அரசே கட்டியது. 1944இல் அதன் உற்பத்தி ஏழு இலட்சம் டன்னைத் தாண்டியது. போர் முடிந்தது, செயற்கை இரப்பர் நிலைத்துவிட்டது. அன்று முதல் பால்மரத்திற்கு எண்ணெய்க் கிணறு போட்டியாயிற்று.

நான்காவது, கொரியப் போர். 1950இல் அப்போர் மூண்டதும் வல்லரசுகள் இரப்பரை வாங்கிக் குவித்தன. 1951இல் ஒரு பவுண்டின் சராசரி விலை ஏறத்தாழ 170 காசு. போர் ஓய்ந்த 1953இல் அது ஏறத்தாழ 67 காசு. மரமும் மாறவில்லை; வெட்டும் கையும் மாறவில்லை. அக்காலத்துக் கூலி ஒப்பந்தங்களில் பால்வெட்டுவோர் கூலி இரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், கொரியாவில் ஏற்பட்ட அமைதி நம் அடுப்பங்கரையை எட்டியது.

ஐந்தாவது, அனைத்துலக இயற்கை இரப்பர் ஒப்பந்தம். ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் முயற்சியால் 1979இல் உருவாகிய இவ்வொப்பந்தத்தில் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்தே அமர்ந்தன. அதனை நடத்திய அமைப்பின் தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தது. விலை குறையும்போது அவ்வமைப்பு இரப்பரை வாங்கிக் கிடங்கில் வைக்கும், ஏறும்போது விற்கும். 1980களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் டன்னுக்கும் அதிகமாக வாங்கி வைத்திருந்தது. எய்ட்ஸ் நோயின் அச்சத்தால் மருத்துவக் கையுறைகளின் தேவை பெருகியபோது அவ்விருப்பு விற்கப்பட்டது. பின்னர் 1997இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. டாலரில் இரப்பர் விலை சரிந்தும், ரிங்கிட் மதிப்பும் உடன் சரிந்தமையால், உள்நாட்டு நாணயத்தில் விலை அவ்வளவு இறங்கியதாகத் தோன்றவில்லை. அமைப்போ உள்நாட்டு நாணயக் கணக்கைப் பார்த்தே வாங்க வேண்டியிருந்தது. மனக்குறை மிகுந்து மலேசியா, தாய்லாந்து, இலங்கை ஆகியவை விலகின. 1999இல் ஒப்பந்தம் முடிவுற்றது. விலையைப் படிப்பவர் அது எந்த நாணயத்தில் எழுதப்பட்டது என்பதையும் படிக்க வேண்டும்.

ஓர் ஆய்வு செய்த வேலை

இவ்வாறு நிகழ்ச்சிகளை அறிவது வரலாற்று அறிவு. அவற்றைச் சான்றுகளோடு அளந்து, இதுவரை எவரும் கேளாத கேள்வியைக் கேட்பதே முதுகலை நிலையின் சிறப்பு. அத்தகைய ஆய்வு எவ்வாறு இருக்கும் என்பதற்கு மலாயாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பயின்ற பீட்டர் பாவர் என்னும் பொருளியலறிஞர் 1946இல் மலாயாவுக்கு வந்து சிறுதோட்டங்களை நேரில் ஆராய்ந்தார். ஏற்றுமதி வரம்பு பெருந்தோட்டங்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. சிறுதோட்டக்காரர்கள் மரங்களை நெருக்கமாக நட்டு முறைகேடாக வெட்டுகிறார்கள், அவர்களுக்குத் தொழில் தெரியாது என்பதே அந்நாளைய அதிகாரிகள் பலரின் கருத்து. பாவர் ஏக்கர் கணக்கையும் விளைச்சல் கணக்கையும் வைத்துப் பார்த்தார். சிறுதோட்டங்களின் விளைச்சல் குறைவாக மதிப்பிடப்பட்டு, அவற்றுக்குரிய பங்கு குறைக்கப்பட்டிருந்தது என்றும், புதிதாக நடுவதற்கு விதித்த தடை அவர்களையே மிகுதியாகத் தாக்கியது என்றும் காட்டினார். 1948இல் அவருடைய நூல் வெளிவந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தமக்கு அநீதி நேர்ந்தது என்பதைச் சிறுதோட்டக்காரர்கள் முன்பே அறிந்திருப்பார்கள். ஆயினும் அவர்கள் அறிந்தது அரசாங்கக் கோப்பில் ஏறவில்லை. கணக்கும் சான்றும் கொண்டு எழுதத் தெரிந்த ஒருவர் வந்தபின் அது ஏறியது. அவர் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. இனி அப்படிப்பட்டவர் நம் லயத்திலிருந்தும் நம் வீடமைப்பிலிருந்தும் வரலாம்.

தோட்டத் தொழிலாளரின் குரல் உலக மன்றத்தை எட்டியதற்கும் சான்று உண்டு. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச்செயலாளராய் அமைந்த பி. பி. நாராயணன், 1975இல் பிரசல்ஸ் நகரைத் தலைமையகமாகக் கொண்ட சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்புக்குத் தலைவரானார். அவரை அங்குச் செலுத்தியது அனுபவம். இன்றோ வாணிப ஒப்பந்தங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதப்படுகின்றன. அனுபவத்தோடு ஏட்டறிவும் சேர்ந்தால்தான் அவற்றின் உட்பிரிவுகளைப் படித்து வாதிட முடியும்.

முதுகலையில் என்ன பயில்வர்?

நம் நாட்டில் மூன்று வகை முதுகலை முறைகள் உள்ளன. பாடங்களைப் பயின்று தேர்வும் கட்டுரைகளும் எழுதுவது முதல் வகை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் ஆய்வேடு எழுதுவது இரண்டாம் வகை. இரண்டும் கலந்தது மூன்றாம் வகை. முழுநேரமாகப் பயில்வோர் பெரும்பாலும் ஓராண்டு முதல் ஈராண்டில் முடிக்கின்றனர். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பயில்வோருக்குக் கூடுதல் காலம் உண்டு.

பாடங்கள் பொதுவாக ஐந்து கூறுகளாக அமையும். அனைத்துலக உறவுக் கோட்பாடுகள் ஒன்று. வாணிபம், நாணயம், கடன் ஆகியவற்றை விளக்கும் அனைத்துலகப் பொருளியல் மற்றொன்று. மலாக்கா நீரிணை, தென்சீனக் கடல் போன்ற வட்டாரங்களின் ஆய்வு மூன்றாவது. உலக வாணிப நிறுவனம், அனைத்துலகப் பண நிதியம், ஆசியான் போன்ற அமைப்புகளைப் பற்றிய பாடம் நான்காவது. புள்ளிவிவரங்களைக் கையாளவும், ஆவணங்களை ஒப்பிட்டு நோக்கவும் பயிற்றும் ஆய்வு முறை ஐந்தாவது. மாணவர் பலர் அஞ்சுவது இந்த ஐந்தாவதுக்கே; வாழ்நாள் முழுவதும் துணை நிற்பதும் அதுவே.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக, வியூக ஆய்வுத் துறை இயங்குகிறது. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம், கெடாவின் சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம், கோலாலம்பூரிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இத்துறையையோ இதனைச் சார்ந்த துறைகளையோ பயிலலாம். பாடத்திட்டமும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆகவே, விண்ணப்பிக்குமுன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பிரிவிடமே நேரில் கேட்டறிவது நன்று.

யார் சேரலாம்?

தக்க மதிப்பெண்ணோடு முதல் பட்டம் பெற்றிருப்பதே வழக்கமான தகுதி. பட்டம் அரசியலிலோ பொருளியலிலோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. வரலாறு, நிலவியல், சட்டம், வேளாண்மை ஆகிய துறைகளில் பட்டம் பெற்றவரையும் பல துறைகள் ஏற்றுக்கொள்கின்றன.

இன்னொரு வாயிலும் உண்டு. தொழில் அனுபவத்தின்வழி பெற்ற அறிவை மதிப்பிட்டு உயர்கல்விக்கு இடமளிக்கும் முறையை மலேசியத் தகுதி முகமை வகுத்துள்ளது. இது ஏப்பல் எனப்படுகிறது. பட்டம் பெறாவிடினும் எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா தேர்ச்சியும், துறை சார்ந்த தொழில் அனுபவமும், முப்பது வயது நிறைவும் உடையவர் அம்மதிப்பீட்டில் தேறினால் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கப் பணியிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, துறைமுகத்திலோ, இரப்பர் ஆலையிலோ நெடுநாள் உழைத்தவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இத்துறை நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. அரசாங்க ஆவணங்கள் மலாயில் உள்ளன. ஆகவே இரண்டையும் சரளமாகப் படிக்கும் பழக்கம் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கியவர் என்பதால் எவரும் பின்தங்குவதில்லை. மும்மொழி அறிவு இத்துறையில் செல்வமாகும். தோட்டத்து முதியோரின் வாய்மொழிச் செய்திகளைத் தமிழிலேயே கேட்டு, அவற்றைச் சான்றாக்கி ஆய்வேடு எழுதக்கூடியவர் நம் பிள்ளைகள்தாம்.

வேலையும் வருவாயும்

பெற்றோரின் நியாயமான கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது: “இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?” மருத்துவத்தைப் போலவோ கணக்காய்வைப் போலவோ, படித்தவுடன் இன்ன பதவி என்று இத்துறை உறுதி கூறுவதில்லை. அயலுறவு, வாணிபம், தற்காப்பு ஆகிய அமைச்சுகள், வங்கிகள், துறைமுகங்கள், கப்பல் நிறுவனங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், செய்தித்தாள்கள், ஆய்வு நிலையங்கள் ஆகியவை இத்தகைய பயிற்சி உடையவரை நாடுகின்றன. ஆனால், போட்டி மிகுதி.

ஆதலின், குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் கரைத்தோ, வட்டிக்குக் கடன் வாங்கியோ முழுநேரப் படிப்பில் இறங்குவது அறிவுடைமை ஆகாது. முதல் பட்டத்திற்குப் பின் ஓரிரண்டு ஆண்டுகள் பணியாற்றி, துறையைத் தெரிந்துகொண்டு, உதவிநிதிக்கு விண்ணப்பித்துப் பகுதிநேரமாகப் பயில்வது பலருக்குப் பொருந்தும் வழி. பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, உதவித்தொகை பெற்றுக்கொண்டே ஆய்வேடு எழுதுவதும் உண்டு.

விடை தேடி நிற்கும் கேள்விகள்

எழுத வேண்டியதெல்லாம் எழுதியாயிற்று என்று மாணவர் எண்ண வேண்டாம். ஒரு காலத்தில் உலகில் முதலிடம் வகித்த நம் இயற்கை இரப்பர் உற்பத்தி 1990களின் தொடக்கத்தில் அவ்விடத்தைத் தாய்லாந்துக்கு விட்டது. பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. ஆயினும் இரப்பர் கையுறை உற்பத்தியில் நம் நாடு உலகின் முன்னணியில் இருக்கிறது. அதற்கான பாலைத் தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. மூலப்பொருள் விற்ற நாடு ஆலைப்பொருள் விற்கும் நாடாயிற்று. பிரெபிஷ் விரும்பிய மாற்றம் இதுவே. ஆனால், அம்மாற்றத்தின் பயனில் பழைய தோட்டக் குடும்பங்களுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு? இது ஓர் ஆய்வேட்டுக்குரிய கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் காடழிப்புக்கு எதிரான சட்டம் ஒன்றை இயற்றியது. 2020ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த இரப்பரையும் பனை எண்ணெயையும் அங்கு விற்க இயலாது. விளைந்த நிலத்தின் இருப்பிடத்தையும் ஆவணத்தில் காட்ட வேண்டும். அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் நாள் ஒருமுறைக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. காட்டைக் காப்பது நல்ல நோக்கம். ஆனால், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் அந்த ஆவணத்தை எவ்வாறு தயாரிப்பார்? செலவை யார் ஏற்பது? 1948இல் பாவர் கேட்ட கேள்வியின் புதிய வடிவமே இது. இதற்கு விடை எழுதுபவர் சிறுதோட்டத்தை அறிந்தவராயிருந்தால், விடை வேறாக இருக்கக்கூடும்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி

இக்கல்வியின் சுவையை அறியப் பல்கலைக்கழகத்தில் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைநிலைப் பள்ளி மாணவரும் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் வரைக. முதற்பத்தியில் நாள். இரண்டாவதில், மலேசிய இரப்பர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் விலை. மூன்றாவதில், அன்றைய கச்சா எண்ணெய் விலை. நான்காவதில், ஓர் அமெரிக்க டாலருக்கு எத்தனை ரிங்கிட் என்பது. ஐந்தாவதில், அன்றைய உலகச் செய்திகளில் முதன்மையான ஒன்று.

மூன்று மாதம் விடாது எழுதிய பின் திரும்பிப் பாருங்கள். எண்ணெய் ஏறியபோது இரப்பர் ஏறியதா? அன்றேவா, சில நாள் கழித்தா? ரிங்கிட் வலுத்தபோது என்ன நேர்ந்தது? எந்தச் செய்தி விலையை அசைத்தது, எது அசைக்கவில்லை? எதிர்பார்த்தபடி நிகழாத நாள்களையே கூர்ந்து நோக்குங்கள். ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. தந்தையும் தாயும் பால்காட்டின் நிலையைச் சொல்ல, பிள்ளை உலகின் நிலையைச் சொல்ல, அக்குறிப்பேடு ஒரு குடும்பத்தின் பொதுச் சொத்தாகும்.

நம் முன்னோர் அந்த மூன்றாவது எண்ணை ஏற்றுக்கொண்டு வாழ்ந்தனர். ஏறியபோது மகிழ்ந்தனர், இறங்கியபோது வயிற்றைக் கட்டினர். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று கேட்கவும், கேட்டதற்குச் சான்றோடு விடை கூறவும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு இன்று வாய்ப்பு இருக்கிறது. உலகின் விலைகளைத் தனியொருவர் மாற்றிவிட முடியாது. ஆனால், பேச்சு நடக்கும் மேசையில் கணக்கை அறிந்த ஒருவர் நம் பக்கம் அமர்ந்திருப்பதற்கும், எவரும் இல்லாதிருப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அந்த இருக்கைக்குத் தகுதி பெறும் கல்வியாக இதனைக் கருதிப் பெற்றோர் ஊக்கமளிப்பார்களாக.

சிந்தித்து விடை காண்க

1. டிண்டிங்ஸ் பகுதியை ஆங்கிலேயர் ஏன் விரும்பினர்? பின்னர் ஏன் திருப்பி அளித்தனர்?

2. ஸ்டீவன்சன் திட்டம் விலையை உயர்த்தியும் ஏன் நிலைக்கவில்லை?

3. 1997ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, டாலர் விலைக்கும் ரிங்கிட் விலைக்கும் இடையே தோன்றிய வேறுபாடு இரப்பர் ஒப்பந்தத்தை எவ்வாறு பாதித்தது?

4. உங்கள் வட்டாரத்தில் இரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய தோட்டம் ஒன்றின் வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதுக. அம்மாற்றத்திற்கு உள்ளூர்க் காரணங்கள் எவை, உலகக் காரணங்கள் எவை எனப் பிரித்துக் காட்டுக.